வேலை போனால் வீடும் போகும்

பாபநாசத்துக்குப் பக்கத்து மலைதான் மாஞ்சோலை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் சுமார் 8,374 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா கம்பெனி. (ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் காட்சி தந்து வந்தாரே, அந்த ஜமீன்தான்.) தேயிலை பறிக்க வந்தவர்களுக்கு லைன் வீடுகள். நாலைந்து தலைமுறை அங்கேயே வளர்ந்தது.

குத்தகை முடிவது 2028-ல். ஆனால் கம்பெனி முன்கூட்டியே கிளம்பியது. 2024-ல் தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக் கையெழுத்து வாங்கி, ஆகஸ்ட் 7-க்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னது. ஓய்வுப் பணத்தில் 25 சதவீதம் வீட்டை ஒப்படைத்த பிறகுதானாம். நோட்டீஸைவிட அழுத்தமானது அதுதான்!

ஊருக்குள் மாத வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்ல, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1882-ம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸாவது வேண்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமும் கரண்ட், தண்ணீரை நிறுத்தி விரட்டக் கூடாது என்கிறது. ஆனால் வேலையோடு சேர்த்துக் கம்பெனி தரும் வீடு இந்த 2017 சட்டத்துக்குள் வராது. மில், எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

மாஞ்சோலைக்காரர்கள் மதுரை ஐகோர்ட் கிளைக்குப் போனார்கள். வெளியேற்ற இடைக்காலத் தடை கிடைத்தது. டிசம்பர் 3-ல் வந்த தீர்ப்போ, தோட்டத்தை அரசின் டேன்டீ ஏற்று நடத்த உத்தரவிட மறுத்தது. மறுவாழ்வு உதவிகளை மட்டும் செய்து கொடுக்கச் சொன்னது.

விருப்ப ஓய்வுப் படிவம் கைக்கு வந்தால், பணத்தொகைக்குக் கீழே வீட்டைக் காலி செய்யும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்து அதற்கப்புறம்.