பெட்டி வாங்கினா சத்தம் வந்துடுமா?

பிம்ப்ரில எங்க குடியிருப்புல இருக்கற நண்பர், பையன் 'அப்பாச்சி' வாசிக்கணும்னு ஆசைப்பட்டான்னு 40,000 ரூபாய்க்குத் தவணையில எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்கிக் கொடுத்தார். மூணே மாசம். கிடார் பரண் மேல போயிடுச்சு. போன ஞாயித்துக்கிழமை வந்து, "சார், இதைவிட நல்ல பெட்டி வாங்கணும் போல. பர்சனல் லோன் கிடைக்குமா?"ன்னார்.

கடன் கொடுக்கறது என் பொழப்பு. ஆனாலும் வேணாம்னு சொல்லிட்டேன் :-)

1960-ல ஷேடோஸ் குழுவோட ஹாங்க் மார்வின் அதை வாசிச்சப்போ அவர்கிட்டயும் இத்தாலிய எதிரொலிப் பெட்டி ஒண்ணு இருந்துச்சேன்னு கேப்பீங்க. இருந்துச்சு. ஆனா அந்தப் பெட்டி நாம கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்லும். தாளம் தப்பினா தப்பையே ரெண்டு மூணு தரம் சொல்லும். அவர் எதிரொலிக்கு இடம் விட்டு, ஒவ்வொரு ஸ்வரமா நிதானமா வாசிச்சார். சத்தம் அங்கேயிருந்துதான் வந்துச்சு.

டுவேன் எடி கதை இன்னும் விசேஷம். 1958-ல ஃபீனிக்ஸ் ஸ்டுடியோவுல எதிரொலி அறை கிடையாது. 2000 காலன் தண்ணித் தொட்டி ஒண்ணைக் கொண்டு வந்து, ஒரு முனையில ஸ்பீக்கர், மறுமுனையில மைக் வெச்சாங்க. அந்த முழக்கம் உலகம் பூரா போச்சு. மெட்டைத் தடிச்ச கம்பிகள்ல வாசிக்கணும்னு தோணினது அவருக்கு, தொட்டிக்கு இல்லை. பக்கத்துல பம்பாய்ல, 1965-ல வந்த 'கும்நாம்' படத்தோட முதல் பாட்டுல தெறிக்கிற கிடாரைக் கேளுங்க. அதுக்கும் கம்ப்யூட்டர் சிப் எதுவும் உதவல.

ஊரை விட்டு வந்த நம்மாளுங்களுக்கு ஒரு வியாதி. நமக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்குக் காசு கொடுத்து வாங்கிட்டா கடமை முடிஞ்சதுன்னு நினைப்பு. கீபோர்டுலயும் இதே கதைதான், வயலின்லயும் இதே கதைதான். பக்கத்துல உக்காந்து கேக்க மட்டும் நேரம் இருக்காது.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். மெல்லிசான கம்பியைக் கழட்டிட்டுத் தடிச்சது போடுங்க. பெட்டியில டிஸ்டார்ஷனைச் சுத்தமா அணைச்சுட்டு, ஒரே ஒரு எதிரொலியை மட்டும் வைங்க. பிரிட்ஜ் பக்கமா மீட்டச் சொல்லுங்க. முதல் நாலு வரியை மட்டும், மெட்ரோனோமோட, தினம் 30 நிமிஷம். நீங்களும் கூட உக்காருங்க.

முதல் மூணுக்கும் பெரிய செலவில்லை. கடைசி ரெண்டுக்கு எந்த பேங்க்லயும் லோன் கிடையாது.

டிஸ்கி: என் வீட்டுப் பரண்லயும் ஒரு கீபோர்டு தூங்குது. அதனாலதான் இவ்வளவு கோபம்.