உழைத்தவன் உட்கார ஓர் இடம்

குடியைப் பற்றியா எழுதப் போகிறீர்கள் என்று தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சம்பள நாள் மாலையில் குடி எத்தனை வீடுகளின் அடுப்பை அணைக்கிறது என்பதை நாம் அறிவோம். நமது தாய்மார்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். நாம் பேச வந்தது சரக்கின் பெருமை அல்ல. உழைத்து அலுத்தவன் ஒரு மணி நேரம் யாருக்கும் கைகட்டாமல் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும். அதைப் பற்றித்தான் பேச்சு.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பேட்டைக்குப் பேட்டை ‘பப்’ என்னும் மதுக்கடை உண்டு. ‘பப்ளிக் ஹவுஸ்’, அதாவது பொதுவீடு என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். லங்காஷயரில் போல்ட்டன் என்று ஒரு பஞ்சாலை ஊர். நூல் நூற்கும் ‘மியூல்’ இயந்திரத்தை 1779-ல் உருவாக்கிய சாமுவேல் கிராம்ப்டன் அந்த ஊர்க்காரர்தான். 1930-களின் பிற்பகுதியில் ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்ற ஆய்வுக் குழுவினர் அந்த ஊர்க் கடைகளில் போய் உட்கார்ந்து, கண்டதையும் கேட்டதையும் எழுதி, 1943-ல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது என்ன? ஒரே கடைக்குள் இரண்டு உலகம்! ஒரு பக்கம் மெத்தை நாற்காலி போட்ட அறை. மறு பக்கம் எச்சில் படிக்கமும் மரப்பலகையுமாக ஒரு சாதாரணக் கூடம். இரண்டிலும் ஒரே பீர்தான். ஆனால் மெத்தை அறையில் விலை ஒரு பென்னி அதிகம். ஆலைத் தொழிலாளி சாதாரணக் கூடத்துக்குத்தான் போனான். காசு மிச்சம் என்பது மட்டுமா காரணம்? அங்கே அவன் சட்டையில் ஒட்டிய பஞ்சை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆலையில் மேஸ்திரி, வீட்டில் வாடகைக்காரன், தெருவில் போலீஸ் என்று நாள் முழுவதும் யாருக்காவது பதில் சொல்கிறவன், அங்கே யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். டாமினோ ஆடினான், கூலியைப் பற்றிப் பேசினான், பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு முறை வாங்கிக் கொடுத்து, மறுமுறை அவனிடம் வாங்கிக் குடித்தான். அந்தக் கடையின் கவர்ச்சி இதுதான்.

இப்படிப்பட்ட இடங்களில் பேச்சு பேச்சோடு நின்றுவிடவில்லை. 1792 ஜனவரியில் லண்டனில் ‘பெல்’ என்ற கடையில் தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தொழிலாளி, விரல்விட்டு எண்ணக்கூடிய நண்பர்களுடன் கூடினார். வாரம் ஒரு பென்னி சந்தா வைத்து, சாமானியனுக்கும் ஓட்டு வேண்டும் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். சர்க்கார் நடுங்கியது. 1794-ல் ஹார்டி மீது ராஜத் துரோக வழக்குப் போட்டது. ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள்! சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாத காலத்தில் கடையின் மேல்மாடிதான் தொழிலாளிக்குக் கட்டடம்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. கூலியையே மதுக்கடையில் வைத்துக் கொடுத்து, அதில் பாதியை அங்கேயே கறந்த அக்கிரமமும் நடந்தது. அதைத் தடுக்க 1883-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. போல்ட்டன் கடைகளின் சாதாரணக் கூடத்தில் பெண்களுக்கு இடமில்லை. அதே ஆலையில் நூற்றவளுக்கு அலுப்பு இல்லையா? பேச வாய் இல்லையா? பாதிப் பேருக்குக் கதவடைத்த இடம் பாதிப் பொதுவீடுதான்.

இன்று அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. 2000-ல் பிரிட்டனில் சுமார் அறுபதாயிரம் பப்கள் இருந்தன. இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. காரணங்கள் பல உண்டு. மக்கள் வீட்டிலேயே மலிவாகக் குடிக்கிறார்கள், பழக்கங்களும் மாறிவிட்டன. ஆனால் பணமூட்டைகளின் கைவரிசையும் அதில் உண்டு. பல கடைகள் பெரிய கம்பெனிகளுக்குச் சொந்தம். கடையை நடத்தும் குத்தகைக்காரன் கம்பெனி சொல்லும் விலைக்கு, கம்பெனியிடமேதான் பீர் வாங்க வேண்டும் என்று கட்டு. வாடகையும் கட்டி, அதிக விலையும் கொடுத்து அவன் நொடித்துப் போனால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? கடை நின்ற மனை இருக்கிறதே! அடுக்குமாடி கட்டுகிறவனுக்கு விற்றால் கொள்ளை லாபம்.

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. கம்பர்லாந்துப் பக்கத்தில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூரில் 2003-ல் ஊரார் பங்கு போட்டு ‘ஓல்டு கிரவுன்’ கடையைக் கூட்டுறவாக வாங்கினார்கள். 2011-ல் வந்த ஒரு சட்டம், பொதுப் பயனுள்ள இடத்தைப் பட்டியலில் சேர்க்கும்படி ஊரார் கேட்க வழி செய்தது. அப்படிச் சேர்த்த இடத்தை முதலாளி விற்க வந்தால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம். ஆனால் அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த ஓட்டைச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, லண்டனில் நன்ஹெட் பகுதி மக்கள் கைமாறிப் போகவிருந்த ‘ஐவி ஹவுஸ்’ கடையை 2013-ல் தங்களுடையதாக்கினார்கள்.

நமக்கு இதில் என்ன? டாஸ்மாக் கடையைப் பப் என்று எண்ணி ஏமாற வேண்டாம். 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் சர்க்காரின் கையில் இருக்கிறது. அங்கே கம்பிக்குள்ளே பணம் போகிறது, பாட்டில் வெளியே வருகிறது. அது கஜானாவுக்கு வருமானம். உழைப்பாளிக்குக் கூடம் அல்ல.

நமது பொதுவீடு தேநீர்க்கடைப் பெஞ்சுதான்; படிப்பகம்தான்; சங்கக் கட்டடத்தின் திண்ணைதான். ஒருவர் பத்திரிகையை வாய்விட்டுப் படிக்க, பத்துப் பேர் கேட்டு வாதாடிய இடங்கள் அவை. அங்கும் இரட்டைக் குவளை வைத்து ஒருவனை வெளியே நிறுத்தினார்கள். அதை எதிர்த்துப் போராடித்தான் பெஞ்சில் சமமாக உட்காரும் உரிமையைப் பெற வேண்டியிருந்தது. இன்னும் எத்தனை பெஞ்சுகளில் பெண்கள் உட்கார முடிகிறது?

தோழர்களே, உங்கள் பேட்டையில், உங்கள் சேரியில், காசு கேட்காமல், சாதி கேட்காமல் உட்காரக்கூடிய இடம் எது என்று எண்ணிப் பாருங்கள். அது யார் பெயரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பிறர் கருணையால் கிடைத்த இடம் ஒரு நாள் விலைக்குப் போகும். நாம் பங்கு போட்டு வைத்த இடத்துக்கு விலை சொல்ல வேண்டுமானால், நம்மைத்தான் கேட்க வேண்டும்.