‘ஹேவ்’ படுத்தும் பாடு

‘ஹேவ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘வைத்திருத்தல்’ என்ற ஒரே பொருளை மனத்தில் பதித்துக்கொண்ட மாணவர் சிலர், ‘நான் இரண்டு தம்பிகளை வைத்திருக்கிறேன்’ என்று கட்டுரையில் எழுதிவிடுகின்றனர். தம்பிகள் என்ன, புத்தகப் பையில் வைக்கும் பொருள்களா? ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்பதே தமிழ்.

பணம், தம்பி, காய்ச்சல், காலையுணவு ஆகிய நான்கிற்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லே போதும். தமிழோ இவற்றை வேறுபடுத்திப் பார்க்கிறது. உறவையும் நோயையும் கூறும்போது நான்காம் வேற்றுமை வருகிறது: ‘எனக்கு அக்காள் உண்டு’, ‘எனக்குக் காய்ச்சல்’. கையிலுள்ள பொருளுக்கு ‘என்னிடம்’ என்பது பொருந்தும். ‘என்னிடம் பேனா இருக்கிறது’ என்றால் பேனா கையில் உள்ளது என்பது மட்டுமே செய்தி; அது பக்கத்து மேசை நண்பனுடையதாகவும் இருக்கலாம். ‘இது என்னுடைய பேனா’ என்றால்தான் உரிமை தெளிவாகும். காலையுணவுக்கு ‘உண்டேன்’ என வேறு வினையே வேண்டும்.

இப்பிழைக்கு மாணவரை மட்டும் குறை கூறுவது முறையன்று. சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிய பட்டியலை மனனம் செய்யச் சொன்னால் வேறென்ன விளையும்? இத்தகைய சொற்களை முழு வாக்கியங்களாகவே கற்பிக்க வேண்டும்.

‘வைத்திருத்தல்’ ஒதுக்க வேண்டிய சொல்லும் அன்று. ‘மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார்’ என்பது நல்ல தமிழே. கடை இருக்கும் கட்டடம் வாடகைக் கட்டடமாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.