தேர்ச்சி விழுக்காடு போதாது

தமிழக அரசுப் பல்கலைக்கழகங்களில் கலை, அறிவியல் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளாக நடக்கிறது. மூன்றாம் பகுதியான முதன்மைப் பாடத்துக்குத்தான் மரியாதை. தமிழும் ஆங்கிலமும் ஓரளவு தப்பித்துக்கொள்கின்றன. நான்காம் பகுதியில் வரும் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி ஆகியவற்றின் பாடுதான் பரிதாபம்.

சுற்றுச்சூழல் பாடம் சும்மா வந்துவிடவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே அதற்கு வித்து. ஆறு, குளம், மாசடைந்த இடம் என எதையாவது நேரில் பார்த்து எழுதும் களப்பணியும் பாடத்திட்டத்தில் உண்டு. நடைமுறையிலோ, பல கல்லூரிகளில் யாருக்கு வகுப்பு குறைவோ அவர் தலையில் இந்தப் பாடம் விழுகிறது. மாணவர் தேர்வுக்கு முந்தின இரவு நோட்ஸைப் புரட்டுகிறார். தேர்ச்சி மட்டும் அமோகம்!

எழுத்துத் தேர்வைக் கடுமையாக்கினால் மனப்பாடம்தான் கூடும். மதிப்பெண்ணில் பாதியைக் களக் குறிப்பேட்டுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் ஒதுக்கலாம். விடைத்தாள்கள் சிலவற்றை வேறு பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்து, கண்டதை வெளியிட வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே காலம் தள்ளும் கல்லூரிகளில் இதெல்லாம் நடக்காது. காலிப் பணியிடங்களை நிரப்பும் வேலையை அரசு முதலில் செய்யட்டும்.