தக்காளிச் செடிக்கு ஊன்றுகோல்

புடலுக்கும் பாகலுக்கும் பந்தலிடாத குடியானவர் நம் கிராமங்களில் இல்லை. அவரைக்கொடி கூரைமேல் ஏறுவதற்குக் காய்ந்த கிளையொன்றைச் சார்த்தி வைப்பதும் நம்மவர்க்குக் கைவந்த வழக்கமே. ஆனால் அதே கொல்லையில் நிற்கும் தக்காளிச் செடிக்கு ஒரு குச்சியேனும் நடுவாரைக் காண்பது அரிதாயிருக்கிறது. இதனை அற்ப விஷயமென்று தள்ளுதல் தகாது என்பது எமது அபிப்பிராயம்.

தக்காளி, தென் அமெரிக்காவின் மேற்குப் பாகத்தைத் தாயகமாக உடையது. அங்கே தானாக வளரும் இனங்கள் பெரும்பாலும் தரையிற் படர்ந்து கிடப்பவை. பாகலுக்குள்ள பற்றுச்சுருள் இச்செடிக்கு இல்லை. அவரையைப் போலக் கோலைச் சுற்றி ஏறும் இயல்பும் இல்லை. ஆதலால் காய் பெருக்குங் காலத்தில், தன் பாரத்தைத் தாங்கமாட்டாமல் சாய்ந்துவிடுகிறது. சாய்ந்த செடியின் காய்கள் ஈர மண்ணிற் பட்டு அழுகுகின்றன. மழைத்துளி தெறிக்கும்போது, மண்ணிலும் பழஞ்சருகிலும் தங்கியுள்ள பூஞ்சண வித்துக்கள் அடியிலைகளில் ஒட்டி இலைக்கருகலை உண்டாக்குகின்றன. எஞ்சியதை நத்தையும் எலியும் தின்கின்றன. வடகிழக்குப் பருவமழை மிகுந்த ஜில்லாக்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த நஷ்டம் அதிகம்.

நஷ்டம் யாருக்கு என்று யோசிக்கவேண்டும். நாற்றை நட்டு, பாத்திரங் கழுவிய நீரைச் சுமந்து ஊற்றி, அதனை வளர்த்தவர்கள் வீட்டுப் பெண்மக்கள். அவர்களுடைய இரண்டு மாத உழைப்பு ஒரே மழையில் மண்ணோடு மண்ணாகிறது. பிறகு அவ்வீட்டார், நிலமும் கிணறும் உடையவராயிருந்தும், சந்தையிற் காசு கொடுத்துத் தக்காளி வாங்குகின்றனர். 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாய்க்கு மேல் விற்றதும், அரசாங்கத்தார் நியாய விலைக் கடைகளில் 60 ரூபாய் வீதம் விற்க நேர்ந்ததும் வாசகர்கள் அறிந்ததே. கொல்லையில் பத்துச் செடிகள் நிமிர்ந்து நின்றால், அத்தகைய காலத்தில் ஒரு குடும்பத்திற்கு அது எவ்வளவு ஆதரவு!

தரையிற் கிடந்தாலும் தக்காளி காய்க்கத்தானே செய்கிறது என்று சிலர் கூறுவர். வயல்வெளியில், மழையற்ற பருவத்தில், பெரியகுளம் 1 போன்ற குட்டை ரகங்களை ஊன்றுகோலின்றிப் பயிரிடுவது உண்மையே. ஏக்கர் கணக்கிற் கோல் நடும் செலவும் கூலியும் அங்கே கட்டிவாரா. ஆனால் வயலுக்குப் பொருந்திய நியாயம், நிழலும் ஈரமும் நெருக்கமும் உள்ள கொல்லைக்குப் பொருந்தாது. மற்றுஞ் சிலர், கோலுக்கும் கம்பிக்கும் பணத்துக்கு எங்கே போவது என்பர். பணமே வேண்டியதில்லை என்பதுதான் நாம் வற்புறுத்துவது.

துவரை மார், மூங்கிற் பிளாச்சு, சவுக்குக் கழி, உடைந்த ஏணியின் கால் ஆகியவற்றுள் எதுவும் ஊன்றுகோலாகும். பனைமட்டையாயின் இருபுறத்துக் கருக்கையும் சீவிவிடவேண்டும். இல்லையேல் தண்டை அறுக்கும். கிளுவை, பூவரசு, முருங்கைக் கொம்புகளைப் பச்சையாக நடலாகாது. அவை வேர்விட்டுத் தழைத்துச் செடியின் உரத்தையும் நீரையும் பங்கிட்டுக்கொள்ளும். நன்கு உலர்த்திய பின்னரே நடுக.  கோழி கவிழ்க்கும் பழைய பஞ்சாரம் ஒன்று இருப்பின், அதன் உச்சியை அறுத்து நீக்கி இளஞ்செடியின்மேற் கவிழ்த்துவிடலாம். கிளைகள் கண்கள் வழியே வெளிவந்து தாமே சார்ந்துகொள்ளும். குட்டை ரகங்களுக்கு இதனினும் சிலாக்கியமான சாதனம் வேறில்லை.

கோலை நாற்று நடும் அன்றே, தண்டிற்கு நான்கு விரற்கடை தள்ளி ஊன்றவேண்டும். செடி சாய்ந்தபின் ஊன்றினால் வேர் அறுபடும். நிமிர்த்தும்போது தண்டும் முறியும். உயர வளரும் ரகத்திற்கு 5 அடிக் கோலில் 1 அடி மண்ணுள் இருக்கட்டும்; குட்டை ரகத்திற்கு மண்ணுக்குமேல் 2 அடி போதும்.

கட்டுவதற்குக் கிழிந்த வேட்டி, புடவைகளை ஓர் அங்குல அகலத்தில் கிழித்துக்கொள்வது உத்தமம். நீரில் நனைத்த வாழைநாரும் உதவும். நைலான் கயிறும் இரும்புக் கம்பியும் தண்டு பருக்கும்போது உள்ளே பதிந்து சாற்றோட்டத்தைத் தடுக்குமாதலால் விலக்கத்தக்கவை. துணியை 8 என்னும் இலக்கத்தின் வடிவாகக் கோலையும் தண்டையும் சுற்றி, ஒரு விரல் நுழையும் இடம் விட்டு, இலைக்கணுவின் கீழே தளர்வாக முடிச்சிடுக. செடி ஒவ்வொரு சாண் உயருந்தோறும் ஒரு கட்டுப் போதும். மண்ணைத் தொடும் அடியிலைகளைக் கிள்ளிவிடுக. குட்டை ரகங்களில் பக்கக் கிளைகளைக் கிள்ளுவது தவறு, காய்ப்பு அவற்றிலேதான்.

கிராம அதிகாரிகளுக்கும் பெரிய நிலக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரார் நம் சொல்லைக் காட்டிலும் நம் கொல்லையையே உற்றுப் பார்க்கின்றனர். பத்துச் செடிகளுக்குக் கோல் நட ஒரு காலைப் பொழுது போதும். ஐந்து செடிகளுக்குக் கோல் நட்டு, ஐந்தினை வழக்கம்போல் விட்டு, இரு பக்கத்துப் பழங்களையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கட்டும். அந்த நிறைகோல் சொல்லும் தீர்ப்பை வீட்டாரும் அண்டை அயலாரும் தாமே அறிந்துகொள்வர். வரும் பருவத்தில் நாற்று விடுவதற்கு முன்னமே கோல்களைச் சேகரித்து வைப்பார்களாக.