பெயரில் மட்டும் இந்தியன்

நியூஸிலாந்து தேசத்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஒரு சிறிய நகரம் இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த பர்ட் மன்ரோ என்பவர் 1920-ம் வருஷத்தில், தமது 21-வது வயதில், ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அமெரிக்காவில் செய்யப்பட்ட அந்த வண்டிக்கு 'இந்தியன் ஸ்கௌட்' என்று பெயர். மணிக்கு சுமார் 55 மைல் ஓடுவதே அதன் சக்தி. 1967-ம் வருஷத்தில், 68 வயதுக் கிழவராக, அதே வண்டியில் ஏறி, அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து உப்பு வெளியில் மணிக்கு 184 மைல் வேகத்தில் அவர் பாய்ந்து சென்றார். 1000 சி.சி.க்கு உட்பட்ட அவ்வகை வண்டிகளில் அதற்கு முன் எவரும் எட்டாத வேகம் அது.

இவ்விரண்டு வருஷங்களுக்கும் இடையே நடந்தது என்ன? மன்ரோவிடம் தொழிற்சாலை இல்லை. சம்பளம் பெறும் இஞ்ஜினீயர்கள் இல்லை. வீட்டுக் கொட்டகையும், சில கருவிகளும், அடங்காத ஆர்வமுமே இருந்தன. பழைய தகர டப்பாக்களை அச்சாகக் கொண்டு யந்திரத்தின் பாகங்களை அவரே வார்த்தார். டிராக்டரின் அச்சுத் தண்டைச் செதுக்கி இணைப்புத் தண்டுகள் செய்தார். சக்கரத்தின் பழைய கம்பியொன்றே அவருக்கு அளவுகோலாயிற்று. உடைந்த பாகங்களைக் கொட்டகை அலமாரியில் அடுக்கி, 'வேக தேவதைக்குக் காணிக்கை' என்று எழுதி வைத்தார். ஒவ்வோர் உடைவும் அவருக்கு ஒரு பாடமாயிற்று.

அந்த வண்டியின் பெயர் இந்தியன். ஆனால் இந்தியப் பிரஜை ஒருவர், இந்திய மண்ணில், தமது வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிளைத் தம் கையால் உருவாக்கித் தெருவில் ஓட்ட விரும்பினால் அவர் கதி என்ன? வாசகர்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

மன்ரோ ஓடியது பந்தய வெளியில். பொதுத் தெருவுக்கு நியாயம் வேறு என்று சிலர் கூறலாம். அது உண்மையே. அந்தத் தெரு நியாயத்தைப் பற்றித்தான் நாமும் பேசுகிறோம்.

பிரிட்டிஷார் ஆட்சியில், 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் வண்டியை மாற்றி அமைப்பதை அடியோடு தடுக்கவில்லை. செய்ய உத்தேசிக்கும் மாறுதலைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, அவருடைய சம்மதத்தைப் பெறவேண்டும் என்றே அது விதித்தது. சுதந்திர பாரதத்தின் 1988-ம் வருஷத்துச் சட்டமும் அதன் 52-வது பிரிவில் முதலில் இதே முறையைத்தான் கைக்கொண்டது. 2000-ம் வருஷத்தில் வந்த திருத்தம் இந்த வாசலை மூடிற்று. உற்பத்தி செய்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை எவரும் மாற்றலாகாது என்பது இப்போதைய சட்டம். எரிபொருளை மாற்றுவது, உடல் ஊனமுற்றோருக்காக வண்டியை மாற்றி அமைப்பது போன்ற சில காரியங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இப்பிரிவைக் கண்டிப்பாகவே வியாக்கியானம் செய்தது. அதே வருஷத்துத் திருத்தம், விதி மீறிச் செய்த ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது.

சுப்ரீம் கோர்ட்டின் மீது நமக்குக் குறையில்லை. சட்டத்தின் வாசகம் எப்படியோ தீர்ப்பும் அப்படியே இருக்கும். குறை சட்டத்தில் இருக்கிறது. அந்நிய ஆட்சி 'கேட்டுச் செய்' என்றது. நமது ஆட்சி 'செய்யவே செய்யாதே' என்கிறது. சுயராஜ்யத்தில் பிரஜையின் கைக்கு இருக்கவேண்டிய மதிப்பு இதுதானா?

பழைய வண்டியை மாற்றாமல், முழுவதும் புதிதாக ஒன்றைச் செய்துவிடலாமே என்றால், அங்கும் கஷ்டமே. புதிய வண்டி ஒவ்வொன்றின் மாதிரியும் அங்கீகாரம் பெற்ற பரீட்சை நிலையத்தில் தேறவேண்டும். லக்ஷக் கணக்கில் வண்டி செய்து விற்கும் கம்பெனிக்கு அது தகுந்த விதி. ஓய்வு நேரத்தில் ஒரே ஒரு வண்டியைத் தமக்கெனச் செய்துகொள்பவரையும் அதே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இவ்விஷயத்தில் சலுகை காட்டப்பட்டிருக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். சில அந்நிய தேசங்களின் தரவிதிகளுக்கு ஏற்ற வண்டிகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை இங்கே மறுபடி பரீட்சிக்காமல் இறக்குமதி செய்யலாம் என்று 2018-ல் மத்திய சர்க்கார் விதியைத் தளர்த்திற்று. கடல் கடந்து வரும் வண்டிக்கு வழி உண்டு. நமது வீட்டுக் கொட்டகையில் பிறக்கும் வண்டிக்கு எளிய வழி ஒன்றும் இல்லை!

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சர்க்காரின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நமது சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். சைலன்ஸரைக் கழற்றி எறிந்துவிட்டு, நள்ளிரவில் ஊரையே எழுப்பிக்கொண்டு ஓடும் வாலிபர்களுக்காக நாம் வாதாட வரவில்லை. அவர்களைத் தண்டிப்பது சரியே.

வண்டி கட்டுவதில் அபாயம் இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. ஒருவர் பழைய புல்லட் வண்டியொன்றை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, சட்டத்தை அறுத்துப் புதிதாகப் பற்றவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் சாயும் கோணம் சில டிகிரி மாறினாலும் வண்டியின் குணமே மாறிவிடும். அதிகம் சாய்ந்தால் நேர்ச்சாலையில் நிதானமாக ஓடும். வளைவில் திரும்ப மறுக்கும். அதிகம் நிமிர்ந்தால் எளிதில் திரும்பும். வேகத்தில் ஹேண்டில் நடுங்கும். கழுத்தில் போட்ட வெல்டிங் ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. இதனால் விளங்குவது என்ன? வண்டியைப் பரீட்சிக்கவேண்டும் என்பதுதான், தடுக்கவேண்டும் என்பதல்ல. பரீட்சைக்கு வழியில்லாத தடை இரகசியத்தையே வளர்க்கும். திறமையாகச் செய்தவனும் அரைகுறையாகச் செய்தவனும் ஒருங்கே போலீஸ்காரரைக் கண்டு சந்தில் ஒளிகிறார்கள். எவன் வண்டியின் வெல்டிங் உறுதியானது என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

மற்ற தேசங்கள் இச்சிக்கலை அவிழ்த்திருக்கின்றன. பிரிட்டனில், வீட்டில் செய்த மோட்டார் சைக்கிளை அதற்குச் சொந்தக்காரர் சர்க்கார் பரீட்சை நிலையத்திற்குக் கொண்டுபோகலாம். பிரேக், விளக்கு, சப்தம் முதலியவற்றை அங்கே சோதிப்பார்கள். தேறினால் பதிவு செய்துகொள்ளலாம். பாகங்களின் வயது நிச்சயமில்லாத வண்டிக்கு 'க்யூ' என்ற எழுத்துடன் தனி எண் கொடுத்து, யாவரும் அறியச் செய்கிறார்கள். அமெரிக்காவிலோ, புகை விஷயத்தில் மிகவும் கண்டிப்பான சர்க்கார் இலாகாவே, தனி நபர் ஒருவர் ஆயுளில் ஒரு முறை தமது சொந்த உபயோகத்திற்காக ஒரு வண்டியை இணைத்துக்கொள்ள 2004-ல் விலக்கு அளித்தது. இதனால் அத்தேசங்களின் சாலைகள் பாழாகிவிடவில்லை.

இதைச் சிலருடைய பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாகாது. 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு தொழிற்சாலை தோன்றிற்று. இங்கிலாந்தில் அந்த வண்டியைப் பெற்ற கம்பெனி மறைந்த பிறகும் சென்னையில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. நமது தொழிலாளிகளின் கைத்திறமைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் பிறர் வகுத்த உருவத்தைத் திறமையாகச் செய்வது ஒன்று. புது உருவத்தைத் தானே வகுப்பது வேறு. பின்னதைப் புத்தகம் மட்டும் கற்றுத் தராது. நியூஸிலாந்தின் மற்றொரு பிரஜையான ஜான் பிரிட்டன், நண்பர்கள் சிலருடன் கூடித் தாமே வகுத்துச் செய்த மோட்டார் சைக்கிள், 1991-ல் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில், பெரிய கம்பெனிகளின் வண்டிகளுக்கு நடுவே இரண்டாவதாக வந்தது. பிழை செய்யவும், பிழையைத் திருத்தவும் இடம் கொடுத்த தேசத்தில் இது நடந்தது. நமது கல்லூரிகளிலிருந்து வருஷந்தோறும் எத்தனையோ இஞ்ஜினீயர்கள் வெளிவருகிறார்கள். அவர்களில் ஓர் அரத்தைக் கையில் பிடித்து இரும்பைப் பதம் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. விற்பனைக்கின்றித் தமக்கென ஒரு வண்டி செய்பவரைச் சட்டம் தனி வகுப்பாக ஏற்கட்டும். வேலை தொடங்குமுன் அவர் தமது வரைபடத்தைக் கொடுத்து அநுமதி பெறட்டும். சட்டத்திற்கு வர்ணம் பூசுமுன், வெல்டிங் கண்ணுக்குத் தெரியும்போதே ஒருமுறையும், வண்டி முடிந்தபின் பிரேக், சப்தம், புகை ஆகியவற்றிற்காக மறுமுறையும் சோதனை நடக்கட்டும். கட்டணம் சாமானியருக்கு எட்டுவதாயிருக்கட்டும். தேறிய வண்டிக்குத் தனி அடையாளத்துடன் எண் கொடுத்து, சில வருஷங்களுக்கு அதை விற்கலாகாது என்று நிபந்தனை விதிக்கட்டும். தேறாத வண்டி கொட்டகைக்கே திரும்பட்டும். அதைச் செய்தவர் சிறைக்குப் போகவேண்டிய அவசியமில்லை.

நாடாளுமன்றத்தில் நமது பிரதிநிதிகள் இதை ஓர் அற்ப விஷயமாக எண்ணாமல், 52-வது பிரிவைத் திருத்தும் யோசனையைக் கொண்டுவரவேண்டும். மன்ரோவின் வண்டி பெயரில் மட்டும் இந்தியன். பெயரோடு பிறப்பிலும் வகுப்பிலும் இந்தியனாக ஒரு வண்டி, நமது வீட்டுக் கொட்டகை ஒன்றிலிருந்து பகிரங்கமாகத் தெருவுக்கு வரும் நாளை நாம் காண விரும்புகிறோம்.