ஆவியான தண்ணீருக்கும் கணக்கு உண்டு

கேள்வி: “என் மகன் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அங்கே ஆற்றோரம் சரளைக்கல் தோண்டிய குழியில் தண்ணீர் நின்றால், அது வெயிலில் ஆவியாகும் அளவுக்குக் குழிக்காரர் ஆற்றுக்குத் தண்ணீர் திருப்பித் தர வேண்டுமாம். ஆவியாகிப் போனதை யார் அளப்பது? எங்கிருந்து கொடுப்பது? நம்பும்படியாக இல்லையே!”
- ஒரு வாசகர், திருச்சி மாவட்டம்.

பதில்: நம்பலாம் ஐயா, உங்கள் மகன் சொன்னது உண்மைதான்.

அங்கே டென்வர் நகரம் வழியாக சவுத் பிளாட் என்ற ஆறு ஓடுகிறது. அதன் இரு கரையிலும் மண்ணுக்கு அடியில் நல்ல சரளை. ரோடு போடவும் கட்டடம் கட்டவும் அதைத்தான் தோண்டுகிறார்கள். ஆற்றோரம் என்பதால் சில அடி தோண்டியதுமே ஊற்று வந்துவிடும். சரளையை அள்ளி முடித்தால், மிஞ்சுவது பெரிய குட்டை.

இந்தக் குட்டையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எவ்வளவு வெயில் அடித்தாலும் நீர்மட்டம் பெரிதாக இறங்காது. ஆவியான அளவுக்கு ஊற்று சுரந்து நிரப்பிவிடும். அந்த ஊற்று, நிலத்தடி வழியாக ஆற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீர். குறைவது குட்டையில் தெரியாது. கீழே, ஆற்றை நம்பிப் பாசனம் செய்கிறவருடைய வாய்க்காலில்தான் தெரியும்.

கொலராடோவில் முதலில் தண்ணீர் எடுத்தவருக்கே முதல் உரிமை. 1876-ல் எழுதிய மாநில அரசியல் சட்டத்திலேயே இது இருக்கிறது. 1860-களில் வெட்டிய வாய்க்காலுக்குத் தண்ணீர் போதவில்லை என்றால், பிறகு வந்தவர்கள் மடையை மூட வேண்டும். 1969-ல் ஆற்றோடு தொடர்புள்ள கிணறுகளையும் இதே வரிசைக்குள் கொண்டுவந்தார்கள். அடுத்துச் சரளைக் குழி பற்றிய வழக்கு வந்தது. ‘நாங்கள் மோட்டார் வைத்து இறைக்கவில்லையே’ என்று தோன்றும். ஆனால் வாய்க்கால் பாசனக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். நிலத்தடி நீரைத் திறந்து வைக்கும் குழியும் கிணறுதான் என்று 1988-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், மிகச் சரியான தீர்ப்பு. மோட்டார் இறைத்தால் என்ன, சூரியன் இறைத்தால் என்ன? அடுத்த ஆண்டு தனிச் சட்டமே வந்தது. 1980 டிசம்பர் 31-க்குப் பிறகு தண்ணீரைத் திறந்த குழிகள் ஆவி நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். அதற்கு முன்பே திறந்தவற்றுக்கு விலக்கு.

அளப்பது பெரிய வித்தை இல்லை. அந்தப் பகுதிக்கு மாதவாரியாக ஆவியாதல் அளவு வைத்திருக்கிறார்கள். அதைக் குட்டையின் பரப்பால் பெருக்க வேண்டும். குளிர்காலத்தில் பனிக்கட்டி மூடியிருக்கும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். மழையிலும் ஒரு பங்கைக் கழிக்கலாம்: குழி வருவதற்கு முன் அங்கிருந்த புல் பூண்டு குடித்துவிட்ட மழை, எப்படியும் ஆற்றுக்குப் போயிருக்காது அல்லவா, அந்தப் பங்கு. கழித்தது போக, ஆண்டுக்குச் சுமார் 3 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் பரப்புக்கு 37 லட்சம் லிட்டர். 20 ஏக்கர் குட்டை என்றால் 7 கோடியே 40 லட்சம் லிட்டர்! (இதே கணக்கு உங்கள் பண்ணைக்குட்டைக்கும் உதவும். ஒரு சென்ட் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் 40 லிட்டர் போச்சு. 10 சென்ட் குட்டையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 2,000 லிட்டர்.)

ஆவியானதோடும் விடுவதில்லை. லாரியில் ஏறும் ஈரச் சரளையோடு போகும் தண்ணீர், புழுதி அடங்கத் தெளிக்கும் தண்ணீர் எல்லாம் கணக்கில் வரும்.

ஈடு கொடுப்பதில் அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. நேரமும் இடமும் பொருந்த வேண்டும். பாதிக்கப்படும் வாய்க்காலுக்கு மேலே, அவருக்குத் தண்ணீர் தேவைப்படும் காலத்தில் ஆற்றில் விட வேண்டும். ஜூலையில் ஆவியான தண்ணீரின் குறை, நிலத்தடியில் மெதுவாக நகர்ந்து, சில மாதங்கள் கழித்துக்கூட ஆற்றில் தெரியலாம். குழி ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து அதையும் கணிக்கிறார்கள்.

சரளை பத்து இருபது ஆண்டில் தீர்ந்துவிடும். குட்டை தீருமா? நிறுவனம் கதவைச் சாத்திவிட்டுப் போனால் யார் பொறுப்பு? அதனால்தான் நிரந்தர ஈட்டுத் திட்டத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் கேட்கிறார்கள். அதுவரை அரசுப் பொறியாளரின் தற்காலிக அனுமதியில் ஓடும். ஈடு தர வழியில்லை என்றால் குழியை மண் போட்டு மூடலாம். அல்லது சுற்றிலும் அகழி எடுத்து, பெண்டோனைட் களிமண் கலந்த சுவரை அடிப்பாறை வரை இறக்கி ஊற்றைத் தடுக்கலாம். அப்படித் தடுத்தபின் அது நீர்த்தேக்கமாகிவிடும். டென்வர் குடிநீர் நிறுவனமே இப்படிப்பட்ட பழைய குழிகளில் தண்ணீர் சேமிக்கிறது. ஆனால் அதில் நிரப்பும் தண்ணீருக்குத் தனி உரிமை வேண்டும்.

எங்கிருந்து கொடுப்பது என்று கேட்டீர்கள். நகராட்சி சுத்திகரித்து விடும் தண்ணீரைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் உண்டு. பலர் விவசாயிகளிடம் வாய்க்கால் பங்குகளை வாங்குகிறார்கள். எனக்கு உறுத்தும் இடம் இதுதான். ஒரு விவசாயியின் தண்ணீரைக் காப்பாற்ற, இன்னொரு விவசாயியின் வயல் தரிசாகிறது. வாங்கிய பங்கு முழுவதும் ஈடாகவும் சேராது. பயிர் உண்மையில் குடித்த அளவு மட்டுமே சேரும். வயலிலிருந்து கசிந்து ஆற்றுக்குத் திரும்பிய தண்ணீர் ஏற்கெனவே கீழே இருப்பவருடையது. அந்த வயலில் பாசனம் அடியோடு நிற்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நேரில் பார்த்தும் உறுதி செய்கிறார்கள். குதிரை மசால் போட்ட நிலம் என்றால் மடையை அடைத்தால் மட்டும் போதாது. அதன் வேர் ஆழமாக இறங்கி நிலத்தடி நீரைக் குடிக்கும் என்பதால், பயிரையே அழித்துவிடச் சொல்கிறார்கள்.